சுரண்டிய இடம்

பாலம் எரிந்து பதினோரு வாரம்.
கொய்சு ஆற்றைக் கடிதம் மட்டும் கடந்துகொண்டிருந்தது,
ஆந்திக்காரன் ஒருவனின்
கம்பளி மேலங்கித் தையலுக்குள்.

சொல்வது திபிர்ஹாஜி காதி. எழுதுவது நான்.
மை உறைந்துவிடும், அக்குளில் இடுக்கிக்கொள்வேன்.
தாளுக்குப் பஞ்சம்.
ஜார் படை முகாமில் திருடியது அது,
பின்புறம் முழுக்கக் குதிரைத் தீவனக் கணக்கு.

அக்கரைக் காதி சுராகத்தின் முதல் கடிதம்
"நேர்வழியில் நடப்போர் மீது சாந்தி"
என்று தொடங்கியது.
காதி கையை உயர்த்தினார். போதும்.
காபிர் மன்னருக்கு எழுதுகிற ஸலாம் அது.
ஒரே மதரஸாவில், ஒரே சட்டியில்
கஞ்சி குடித்தவர்கள் இருவரும்.

மீதியில் என்ன இருந்தது?
ஏழு சடலம், நாற்பது செம்மறி, ஒரு மேய்ச்சல் சரிவு,
ஜெனரலிடம் முதலில் உப்பு வாங்கியது
எந்த ஊர் என்கிற சண்டை.
பேசினால் தீரக்கூடியவைதான்.

"அவன் ஸலாமையே அவனுக்கு எழுது" என்றார்.
எழுதினேன்.
இரவில் பேனாக் கத்தியை எடுத்தேன்.
சாந்தியை விட்டுவிட்டு
நேர்வழியை மட்டும் சுரண்டினேன்.
"உங்கள் மீது."
அரபியில் அது சின்னச் சொல். இடம் மிஞ்சியது.
"இறைவனின் அருளும்" என்று நிரப்பினேன்.
துணிந்த பிறகு கஞ்சத்தனம் எதற்கு?

விடிந்ததும் காதி
தாளை விளக்கருகே பிடித்தார்.
சுரண்டிய இடம் வெங்காயத் தோலாய் மெலிந்து
அதன் வழியே ஓட்ஸ் கணக்கின் ஓர் எண் தெரிந்தது,
ஒன்பதோ என்னவோ.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
முத்திரையில் ஒருமுறை ஊதினார்,
அழுத்தினார்.

பதினாறாம் நாள் பதில் வந்தது: "உங்கள் மீதும்."
அக்கரையிலிருந்து பலகை சுமந்து வந்தார்கள்.
எங்கள் ஆட்களும் ஆணி கொண்டுபோனார்கள்,
முகம் பார்க்காமல் அடித்தார்கள்.
ஆறு சடலம் வந்தது.
ஏழாவது, ஹிதினவ்,
ஆற்றோடு போய்விட்டான் என்று
கடைசி வரியில் இருந்தது.

அவன் மனைவி மெசெது வாசிக்கச் சொன்னாள்.
வாசித்தேன்.
இன்னொரு தடவை என்றாள்.
மூன்றாம் தடவை
தொடக்கத்திலேயே நிறுத்தினாள்.

"இந்த 'உங்கள்' என்கிறானே,
அதில் நான் உண்டா?"

அக்கரையில் எழுதியவன் யாரோ,
என்ன சொல்லப்பட்டதோ, எதை எழுதினானோ.
தாளை எடுத்துக்கொண்டு
சாளரத்துக்குப் போனேன்,
வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க.