இருபது தெத்ரி

எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குப் பசிக்கும்.
இருபது தெத்ரி நாணயம் ஒன்றை
இரும்பு வாயில் போட்டால்தான்
முனகிக்கொண்டே மேலே ஏறும்.
இறங்குவது இலவசம்.
விழுவதற்கு எங்கேதான் கட்டணம் கேட்டார்கள்.

நான் ஒன்பதாம் தளம்.
பகல் முழுக்க திதுபே பேருந்து நிலையத்தில்
கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து
கோரிக்கும் கஸ்பெகிக்கும் சீட்டுக் கிழிக்கிறேன்.
ஊரே எங்கோ போகிறது.
நாற்காலி போவதில்லை.

"லம்சிரா, தினம் அரை மணி நடங்கள்"
என்றாள் டாக்டர் கெத்தேவான்.
எந்த அரை மணியை, என்றேன்.
அவள் பேனாவின் மூடியைத் தேடத் தொடங்கினாள்.

மார்ச்சில் ஒரு மாலை
பையில் சில்லறை இல்லை.
நாலாம் தளத்தில் யாரோ கதவு தட்டினார்கள்,
திரும்பிப் பார்த்தால் என் இதயம்.
ஐந்தில் உட்கார்ந்துவிட்டேன்
உருளைக்கிழங்குப் பையோடு,
ரயிலை விட்டவள் மாதிரி.

மறுநாள் சில்லறை இருந்தது.
இருந்தும் படியேறினேன்.
வைராக்கியம் என்று சொல்ல ஆசைதான்.
முட்டியின் மேல் கோபம், அவ்வளவே.

பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில்
மூன்றாம் தளத்துக் கத்திரிக்காயும் அக்ரூட்டும்
அந்த இரும்புப் பெட்டிக்குள் ஒருநாளும் மணத்ததில்லை.
ஏழாம் தளத்தில் ஒரு பிள்ளை
பியானோவில் தினமும்
ஒரே இடத்தில் ஒரே தப்பு.
ஜூன் மாதம் தப்பு நின்றுபோனது.
அன்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்.
என் மூச்சிரைப்பு எப்போது நின்றது என்பதை
யாரும் கவனிக்கவில்லை, நானும்தான்.

இப்போது வேலையில் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன்:
குத்தாயிசி என்றால்
எழுந்து நின்றுதான் சீட்டு.
குத்தாயிசிக்காரர்கள் அதை
மரியாதை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.
நினைக்கட்டும்.

பொய் சொல்லமாட்டேன்.
வியாழக்கிழமை லிஃப்டில்தான் போகிறேன்.
வியாழன் நீளமான நாள்.

ஆகஸ்டில் மின்சாரம் போன இரவு
படிக்கட்டெங்கும் செல்போன் வெளிச்சமும்
பெருமூச்சும்.
ஐந்தாம் தளத்தில், என் பழைய இடத்தில்,
எட்டாம் வீட்டு ஜும்பர் உட்கார்ந்திருந்தான்.
லிஃப்டில் எத்தனையோ தடவை
அவன் முதுகை மட்டும் பார்த்திருக்கிறேன்.
மடியில் ஒரு தர்பூசணி,
தூங்கிப்போன குழந்தை கனத்தில்.

"இன்னும் எவ்வளவு இருக்கும்?" என்றான்
கடவுளைக் கேட்பதுபோல.

"ஐம்பத்துநான்கு படி," என்றேன்.
"ஆறாவதில் கைப்பிடி ஆடும்,
சுவர்ப்பக்கமாக வா.
அதை இப்படிக் கொடு."