எழுபத்தாறு புள்ளி மூன்று

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
இந்த எண்ணை மாற்றுவது என் வேலை.
பக்கத்தின் அடியில் ஒரு வரி:
எங்களிடம் கணக்கு வைத்திருப்போரில்
நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பேர்
பணத்தை இழக்கிறார்கள்.
சட்டம் சொல்லச் சொன்னதைச் சொல்கிறோம்,
சட்டம் சொல்ல மறந்த நிறத்தில்:
வெள்ளைமேல் வெளிர்சாம்பல்.

ஒருமுறை நிக்கோசியாவிலிருந்து கடிதம் வந்தது.
எழுத்து பொடியாக இருக்கிறது, பெரிதாக்குக.
லிசாந்த்ரோஸ் அளவுகோலைத் திரைமேல் வைத்து அளந்தான்.
பெரிதாக்கினோம்,
கேட்டதற்கு ஒரு மயிரிழை கூடாமல்.

லிமசோலில் நாங்கள் நான்காம் மாடி.
மூன்றாம் மாடியிலும் இதே தொழில், ஐந்திலும்.
லிஃப்டில் டை கட்டிய பையன்கள்
பதினோரு மொழிகளில் வணக்கம் பழகுகிறார்கள்.

சட்டம் மோசமில்லை. வரிவரியாகப் படித்தவள் நான்.
யூரோவுக்கும் டாலருக்கும் நடுவே
ஒன்றை வைத்து முப்பதுக்கு மேல் ஆடக்கூடாது.
பிணை பாதியாய்த் தேய்ந்தால் இயந்திரமே கதவைச் சாத்தும்.
போட்டது போகலாம்,
போடாததும் சேர்ந்து போகக்கூடாது.
பெல்ஜியத்துக்காரர் தட்டினால்
திறக்கவே கூடாது; அங்கே எங்கள் சரக்குக்குத் தடை.

தொலைபேசிக் குரல்களை ஐந்து வருடம் காக்க வேண்டும்.
மாதிரிக்குச் சிலவற்றை நான் கேட்க வேண்டும்.
மாரிபோரிலிருந்து ஸ்த்ராவ்கோ கெர்மெக்,
பஸ் டிப்போ மெக்கானிக்.
அவருக்குப் பின்னால் வாஷிங் மெஷின் சுழல்கிறது.
"எவ்வளவு இழந்தால் தாங்குவீர்கள்?"
படிவத்தின் ஒன்பதாம் கேள்வி.
மெஷின் நின்று
தண்ணீர் வடிந்து
மறுபடி சுழலத் தொடங்கும்வரை
அவர் வாய் திறக்கவில்லை.
பிறகு மெதுவாக,
"மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்?"

எங்கள் பையன் சொல்லக்கூடாத எதையும் சொல்லவில்லை.
சரி என்று குறித்தேன்.

இன்று புது எண் வந்தது:
எழுபத்தாறு புள்ளி மூன்று.
மாடியே கைதட்டியது. கேக் வாங்கினார்கள்.
"பார்த்தாயா மிரோஃபோரா, ஜனங்கள் தேறிவிட்டார்கள்!"

இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். பிழை இல்லை.
பன்னிரண்டு மாதம் அசையாத கணக்கு
தொகுதியிலும் வராது, பகுதியிலும் வராது.
பதினோரு யூரோ நாற்பது சென்ட் மிச்சத்தோடு
ஸ்த்ராவ்கோ போன மார்ச்சில் நின்றுவிட்டார்.
அவரைப்போல் இன்னும் ஆயிரத்துச் சொச்சம்.
இழந்து முடித்தவர்கள் எழுந்து போய்விட்டால்
இருப்பவர்கள் கொஞ்சம் கெட்டிக்காரர்களாகத் தெரிகிறார்கள்.
இதில் களவு இல்லை.
விதி சொன்ன வகுத்தல்.

எண்ணை மாற்றினேன்.
சாம்பலைக் கறுப்பாக்க ஒரு சொடுக்குதான்.
விரலை வைத்தேன். எடுத்தேன்.
கேக் இரண்டு துண்டு தின்றேன், நன்றாகவே இருந்தது.

அவர் குரலை அழிக்க இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.
எந்தக் கணக்கிலும் இல்லாதவர்
எங்கள் கிடங்கில் இருக்கிறார்,
ஒன்பதாம் கேள்விக்கு முன்னால்,
துணி சுழன்றுகொண்டிருக்க.