துவாரம்

மஞ்சளைத்தான் முதலில் பார்த்தேன்.
குடலுக்குள் இளஞ்சிவப்பு இருக்கலாம்,
கழுவியும் போகாத பித்தப் பச்சை இருக்கலாம்.
இந்த மஞ்சள் கூடாது.
அது குடலுக்கு வெளியே தொங்கும் கொழுப்பு.
வெளி, என் திரைக்குள் வந்து நின்றது.

கொழிஞ்சாம்பாறை. வியாழன். பதினொன்று இருபது.
ஆறுச்சாமி, அறுபத்தொன்று, தென்னை விவசாயம்.
பெருங்குடல் தொடங்குமிடத்தில்
தரையோடு ஒட்டிய கட்டி.
அங்கே சுவர் நனைந்த காகித கனம்தான்.
கண்ணியை இறுக்கினேன், மின்சாரம் விட்டேன்.
அறுத்த துண்டைத் திருப்பிப் பார்த்தால்
வட்டத்துக்குள் வெள்ளையாய் இன்னொரு வட்டம்,
கேரம் பலகையின் நடுவைப் போல.

"ஷைனி, கிளிப்."
டீ சொல்லும் குரல்தான் வந்தது எனக்கு.
அவள் மாதாவைக் கூப்பிட்டாள், மலையாளத்தில்.
கைகள் யாரையும் கூப்பிடாமல் வேலை செய்தன.
அவரை இடப்பக்கம் கிடத்தினோம்,
துளை மேலே வரும்படி, நீர் எட்டாதபடி.
முதல் கிளிப் ஓரத்தைக் கவ்வியது.
இரண்டாவது வழுக்கி எங்கோ விழுந்தது.
ஐந்தாவதில் மஞ்சள் மறைந்தது.

அதற்குள் வயிறு பறை போல விறைத்துவிட்டது.
"பிரஷர் இறங்குது" என்றார் மயக்க மருந்து ரெஜி.
தொப்புளுக்குக் கீழே இரண்டு விரல்,
பதினாறாம் நம்பர் ஊசி, சிரிஞ்சில் பாதி உப்புநீர்.
குமிழ் குமிழாய்த் திரும்பி வந்தது
நான் ஊதிய காற்று.

காலையில் சம்மதப் படிவத்தை நான்தான் வாசித்தேன்.
அச்சு மலையாளம். அவர்களுக்குத் தமிழ்தான் படிக்க வரும்.
வரிவரியாய்த் தமிழாக்கிக்கொண்டே வந்தவள்
துவாரம் என்ற சொல்லில் வந்து நின்றிருக்கலாம்.
இரண்டு மொழிக்கும் ஒரே சொல்.
ஆயிரத்தில் ஒருவருக்கு என்று
அந்த வரியை மட்டும்
கொஞ்சம் வேகமாகக் கடந்தேன்.

வேலாத்தாள் வராந்தாவில்.
மடியில் தூக்குப்போசி, அரிசிப்பருப்பு சாதம்,
முடிந்ததும் அவர் சாப்பிட.
"ஓட்டையாங்க?"
ஆமாம்.
"உங்க கையாலயா?"
என் கையால.
ஜன்னலைப் பார்த்தாள். கணவாய்க் காற்று
கதவுகளை அடித்துக்கொண்டிருந்தது.
"மலையிலயே ஓட்டைங்க இங்க.
அந்தக் காத்துலதான் கெடக்கறோம்."
ஆறுதலா, திட்டா, இன்றும் தெரியாது.

நௌஷாத் பாலக்காட்டிலிருந்து வந்தார்.
ஸ்கேனில் காற்று இருந்தது, நீர் இல்லை.
வயிற்றில் கையை வைத்துக்கொண்டு
அவர் முகத்தையே பார்த்தார், வெகுநேரம்.
"இன்னைக்குக் கத்தி வேண்டாம்.
நாடி நூற்றிப்பத்தைத் தாண்டினால்
உன்னைக் கேட்க மாட்டேன், திறந்துடுவேன்."

இரண்டு இரவு.
தொண்ணூற்றாறு. நூற்றிரண்டு. நூற்று நான்கு. தொண்ணூற்றெட்டு.
ஆன்டிபயாடிக், சொட்டுச் சொட்டாய் குளுக்கோஸ்,
வாய்க்கு ஒன்றும் இல்லை.
"எழுநூறு மரம் வச்சிருக்கறனுங்க.
ஒரு மடக்கு எளநி தர மாட்டீங்களா?"
உதட்டைப் பஞ்சால் நனைத்துவிட்டு
டியூட்டி ரூமில் வந்து உட்கார்ந்திருப்பேன்.
எதையாவது செய்வது சுலபம்.
செய்யாமல் ஒரு வயிற்றைக் காவல் காப்பது
யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

சனிக்கிழமை விடியும்போது ஷைனி ஓடிவந்தாள்.
"போயி டாக்டர், காத்து போயி!
ரெண்டு தடவ. நல்ல சத்தம்."
நான் கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு
சிரித்தேனா என்று தெரியவில்லை, மூக்கு ஒழுகியது.

வீட்டுக்குப் போகும் நாளில் வேலாத்தாள் கேட்டாள்:
"அன்னிக்கு உங்க கை நடுங்குச்சுங்களா?"
இல்லை.
அதுதான் உண்மை.
நடுங்கியிருந்தால் சொல்வதற்கு ஏதாவது இருந்திருக்கும்.

இப்போது அந்த வரியில் நிற்கிறேன்.
துவாரம். எதிரில் இருப்பவர் நிமிர்ந்து
என் கைகளைப் பார்க்கும்வரை.
போன வியாழன் ஒருவர்
பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார்.
மூன்று மாதமாக ரத்தம் போகிறது அவருக்கு.
தினமும் போன் அடிக்கிறேன்.
எடுப்பதில்லை.