பதினொன்றரை வோல்ட்

உத்தரவாதம் இரண்டு வருடம் என்று அச்சிட்ட ரசீது
அடுத்த சித்திரைக்குள் வெறும் வெள்ளைத்தாள்.
வாங்கினோம் என்பதற்கு
இப்போது பெட்டியே சாட்சி.

"இந்தக் காசுக்கு வீட்டுக்கே
ரெண்டு கதவு வெச்சது வரும்" என்றார் நாத்தனார்.
வரும்தான்.
பஞ்சப்பள்ளி அணைக்கரைக்கு வராது.

நாங்கள் இருவர். இரண்டாம் சனிக்கிழமைகள்.
முதலில் ஆம்னி, அதை விற்று ஒரு பழைய பொலிரோ.
பின்சீட்டைக் கழற்றிய இடத்தில் மெத்தை,
தலைமாட்டில் இது, நாற்பது லிட்டர்.
உள்ளே தயிர், பச்சைமிளகாய்,
கிடைத்த அன்றைக்கு அணைமீன்,
ஓரமாக ஒரு சோப்புடப்பாவில்
முனிரத்தினத்தின் இன்சுலின்.

இரண்டாம் வருடம் விசிறி நின்றது.
திருகைக் கழற்றினால் உள்ளே எறும்புகள்,
முட்டையும் குட்டியுமாய்க் குடித்தனம்.
ஊதி அனுப்பினோம், ஓடியது.
தொப்பூர் இறக்கம் போகும்போதெல்லாம்
ஒரு திருகாணியை உதிர்த்து வாங்கிக்கொள்ளும்.
அஞ்செட்டிச் சாலை கைப்பிடியையே கேட்டது,
கொடுத்துவிட்டு வந்தோம்.
மூடியின் கீலில் இருப்பது
ராயக்கோட்டை டிராக்டர் பட்டறையின் போல்ட்.
கொக்கி உடைந்த இடத்தில்
லாரி டியூபைக் கத்தரித்த பட்டை.

ஏழாம் வருடம் மூடி ரப்பர் தளர்ந்தது.
பத்து ரூபாய் நோட்டை இடுக்கில் வைத்து இழுத்தால்
வழுக்கிக்கொண்டு வந்தது.
புதுசு கிடைக்காது என்று
மூன்று கடைகளில் ஒரே குரலில் சொன்னார்கள்.
வெந்நீரில் ஊறவைத்து, விரலால் நிமிர்த்தி,
மேலே அம்மிக்கல்லை ஏற்றி ஒரு ராத்திரி விட்டேன்.
இன்றும் நோட்டு சிக்குகிறது.

கெட்டதெல்லாம் அற்ப விலைச் சாமான்கள்.
கம்ப்ரஸரை இதுவரை ஒருவரும் தொட்டதில்லை.
கிருஷ்ணகிரி அணையில் ஒரு மே மாதம்
டாஷ்போர்டில் வைத்த மெழுகுவர்த்தி
தலைகுனிந்து படுத்துக்கொண்டது.
எண்பலகை நாலு என்றது,
மாலை வரைக்கும் நாலு.

போன மார்கழி.
பஞ்சப்பள்ளியில் எதிர்க்கரைக் கேழ்வரகுக் கொல்லையில்
யானைக்கு வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள்.
நாங்கள் அதற்கு முன்பே
எங்களுக்குள் போட்டு முடித்திருந்தோம்:
பேட்டரியை மாற்று என்று மூன்று மாதமாக நான்,
அடுத்த மாதம் என்று மூன்று மாதமாக அவர்,
அங்கிருந்து எப்படியோ
நாத்தனார் வரைக்கும் போய்விட்டது.
முதுகுகளைத் திருப்பிக்கொண்டு தூங்கினோம்.

வெடிக்கு எழாதவர்கள்
சத்தம் நின்றதும் எழுந்தோம்.

தலைமாட்டில் அந்த ரீங்காரம் இல்லை.
எண்பலகை இருட்டு,
ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் கண் சிமிட்டியது.
"முடிஞ்சுதா?" என்றார்.
பன்னிரண்டு வருடம், என்றேன்.
வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை.
சோப்புடப்பாவை ஈரத்துண்டில் சுற்றி
வண்டியின் கூரைமேல் வைத்தார்.
கையை உள்ளே இழுக்கும்போது
பனியில் அது நனைந்திருந்தது.
என் கழுத்தில் வைத்தார், திட்டினேன்.

காலையில் சாவியைத் திருப்பினார்.
முதல் திருப்பிலேயே இன்ஜின்.

பாலக்கோட்டில் திம்மராயன் மீட்டரை வைத்துப் பார்த்தார்.
"பொட்டிக்கு ஒண்ணும் இல்லம்மா.
பேட்டரிதான் செத்துக்கிட்டிருக்கு.
பதினொன்றரைக்கு எறங்கினா இது தானா நின்னுக்கும்,
வண்டி கெளம்பறதுக்கு மிச்சம் வெச்சிட்டு.
இல்லன்னா அங்கயே தள்ளிக்கிட்டு இருந்திருப்பீங்க."

முனிரத்தினம் என்னைப் பார்க்கவில்லை.
நானும் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எந்த எண்ணில் நிறுத்துவதென்று
எங்களுக்கு ஒருவரும் அமைத்துத் தரவில்லை.

புது பேட்டரிக்கு இரண்டு வருட உத்தரவாதம்.
அதே வழவழப்புத் தாள்.
எதிர்க்கடைக்கு நடந்து போய்
மூன்று ரூபாய்க்கு ஜெராக்ஸ் எடுத்தேன்.
திரும்பி வந்தபோது
பின்கதவைத் திறந்துவைத்து
மீனை முகர்ந்துகொண்டிருந்தார்.
"தாங்கும்" என்றார்.
பதினொன்பது, பதினேழு, பதினாறு என்று
எண்பலகை இறங்கிக்கொண்டிருந்தது.