இடம்புரி

மாதம் ஒருமுறை, பராமரிப்புக்காக,
காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை
திருச்செங்கோட்டில் கரண்ட் இல்லை.
எனக்கு அன்றைக்குத்தான் வேலைநாள்.

மற்ற நாட்களில் சுவருக்கு அந்தப்பக்கம்
பதினாறு தறி ஓடும்.
மேசை அதிரும்.
கறுப்புத் தட்டில் கொட்டிவைத்த வடகடல்
வாணலி எள்ளைப்போலத் துள்ளிக் கட்டம் மாறிவிடும்.

இன்று ஜன்னல் வெயிலைச் சின்னக் கண்ணாடியில் பிடித்து
தட்டின்மேல் சாய்க்கிறேன்.
தூரிகையில் மூன்றே முடி. நுனியில் ஈரம்.
ஒவ்வொன்றாய் ஒற்றி எடுக்கிறேன்,
ரவையைவிடச் சிறிய ஓடுகளை,
அறைமேல் அறை கட்டிச் சுருண்டவற்றை.
உயிர் போனபின் மூவாயிரம் மீட்டர்
தூறலாய் இறங்கிச் சேறானவை.

உறைநீரில் வளர்ந்தது இடம்புரி.
கொஞ்சம் வெதுவெதுப்பு வந்தால் வலம்புரி.
சங்கில்தான் வலம்புரிக்குப் பட்டுத்துணியும் பூவும்.
இங்கே இரண்டுக்கும் ஒரே மரியாதை:
பென்சிலால் ஒரு கோடு.

நூற்றுப்பதினாலாம் சென்டிமீட்டர்.
முந்நூறில் இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு இடம்புரி.
நடுவே சிவந்த கல்துணுக்கு ஒன்று.
அதைக் கொண்டுவர அங்கே ஆறு கிடையாது.
மிதந்து வந்த பனிமலை
உருகும்போது கைநழுவ விட்டது.

நூற்றெட்டாம் சென்டிமீட்டரில் பாதிக்குப் பாதி.
தெற்கத்தி நீர் வந்து தொட்டிருக்கிறது.
இடையில் இருப்பது என் சுண்டுவிரல் நீளம்.
அது எத்தனை நூறு வருஷம் என்று
இன்னும் தேதி வரவில்லை.
ஜன்னலில் மலை தெரிகிறது.
அங்கே சாமிக்கு இடப்பாதி அம்மன்.
எண்ணும்போது ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான்.

பதினொரு மணிக்கு ரிக் அர்த்தநாரி வந்தார்.
வண்டி சத்தீஸ்கரிலிருந்து திரும்பி
பட்டறையில் நிற்கிறதாம்.

"எத்தன அடிங்க போட்டீங்க?"
"பதினோரு மீட்டர். அதுக்கு மேல மூவாயிரம் மீட்டர் தண்ணி."
"அத்தன தண்ணி மேலயே நிக்கிது.
அதுக்குங் கீழ போயி ஏனுங் தோண்டோணும்?"

சிரித்தேன். பதில் இல்லாமலும் சிரித்தேன்.

அவர் சட்டைப்பையில் ஒரு பொட்டலம்.
எலச்சிபாளையத்தில் ஆயிரத்து நூற்றிருபது அடியில்
தண்ணீருக்குப் பதில் வந்த வெள்ளைப் புகை.
"இதுல ஏதாச்சும் பூச்சி இருக்குதுங்களா, பாருங்."

பார்த்தேன்.
கண்ணாடிச் சில்லாய்ப் படிகக்கல்,
காக்காய்ப்பொன் மினுக்கல்.
ஓடு இல்லை, சுருள் இல்லை, யாருமே இல்லை.
உயிர்கள் ஓடு கட்டப் பழகுவதற்கு
எவ்வளவோ முன்னால் இறுகிய கல் இது.
"கடல் இங்க வந்ததே இல்லைங்க" என்றேன்.
"அதுவுமா?" என்றார்.

அவரிடம் ஒரு டைரி உண்டு.
எண்ணெய்க் கறை, ரப்பர் பேண்டு.
ஊர், மண் எத்தனை அடி, பாறை எத்தனை அடி,
தண்ணீரா புகையா.
முதல் பக்கங்களில் இருநூறு, இருநூற்றைம்பது.
போகப் போக அறுநூறு, தொள்ளாயிரம்.
கடைசியில் புகை, புகை, மேற்படி புகை.
என் நோட்டும் இதே மூன்று பத்திதான்.

வடக்கே இடம்புரி நிறைந்த காலங்களில்
நம் ஆடிக்காற்று மெலிந்திருந்ததாக
அரபிக்கடல் சேறு சொல்கிறது.
கனத்த நீர் அங்கே அமிழ மறுத்தால்
பாலக்காட்டுக் கணவாயில் ஈரம் குறையும்.
இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.
அவரே கேட்டார்:
"அப்ப அடுத்த மழ எப்பன்னு தெரியுங்களா?"
"இருபதாயிரம் வருஷம் முந்திதான்னா கொஞ்சம் தெரியும்."
"நமக்கும் அதேதானுங். போட்ட குழி தெரியும்.
போடப்போற குழி தெரியாது."

டைரியை விட்டுவிட்டுப் போனார்.
மதியம் அவருடைய அடிகளை
என் வரைபடத்தாளின் ஓரத்தில் புள்ளியிட்டேன்.
முப்பது வருஷம்.
என் அளவுகோலில் அது
பென்சில் முனையின் தடிமன்கூட இல்லை.
ஆனாலும் கோடு சரிந்துகொண்டேதான் போனது.

நாலே முக்காலுக்கே கரண்ட் வந்துவிட்டது.
நூற்றுரெண்டாம் சென்டிமீட்டர்,
இருநூற்றெண்பத்தேழு எண்ணியாகிவிட்டது.
பதினாறு தறியும் ஒன்றாய் மூச்சு விட்டன.
மிச்சம் பதின்மூன்றும்
இடமும் வலமுமாய் உருண்டு
எண்ணியவற்றோடு போய்க் கலந்தன.