ஷட்டர்ஸ் அப்

இரவு இரண்டு பத்துக்கு
ஏ.இ. ஜெமிலா பானுவிடமிருந்து வந்தது
இரண்டே சொல்:
ஷட்டர்ஸ் அப்.

யார், எப்போது, எவ்வளவு, ஒன்றுமில்லை.
வினைச்சொல்லே இல்லாமல்
ஒரு ஆற்றைத் திறக்கச் சொல்கிறது இங்கிலீஷ்.

நான் டார்ச்சை எடுத்துக்கொண்டேன்.
வைரக்கண்ணு திருகுக் கம்பியை எடுத்துக்கொண்டான்.
"என்னவாம்?"
"தூக்கணுமாம்."
தமிழில் சொன்ன உடனேயே
தோள்பட்டை வலிக்கத் தொடங்கியது.

அவன் மகள் கான்வென்ட்டில் மூன்றாவது.
அவளுக்கு நாள் முழுக்க இப்படித்தான்:
ஹெட்ஸ் டவுன், ஷூஸ் ஆஃப், ஹேண்ட்ஸ் அப்.
தூறல் விழுந்தால் வேன் டிரைவர்கூட
விண்டோஸ் அப் என்கிறாராம்.
பொருள்கள் முதலில் மந்தையாக வந்துவிடுகின்றன.
அறுப்புக்குப் பின் கிடை போட வரும் கீதாரி மாதிரி
கடைசியில் நடந்து வருகிறது அந்தக் குட்டிச் சொல்,
கழியை மேலே காட்டும், கீழே காட்டும்,
மந்தை அந்தப் பக்கம் போகும்.

எனக்குச் சந்தேகமெல்லாம் அந்த ஸ் மேல்தான்.
நாங்கள் நாலு ஷட்டர் என்போம்.
பத்து மூட்டை, மூணு மா, ஆறு மரக்கால்.
எண்ணிச் சொன்ன பிறகு கள் எதற்கு?
ஏ.இ. எண்ணவில்லை.
ஸ் என்று முடித்துவிட்டார்.
அடிப்பலகையில் ரப்பர் கிழிந்த இடத்தில்
கசிகிற தண்ணீரும்
ராத்திரி முழுக்க அதையேதான் சொல்கிறது.

முதல் ஷட்டர் நூற்றுப்பத்து சுற்று.
இரண்டாவதற்கு அவ்வளவு ஆகவில்லை.
மூன்றாவது அசையவே இல்லை.
கிரீஸ் வைத்தது போன பங்குனியில்.
கம்பியில் வைரக்கண்ணு தொங்கினான்,
நானும் தொங்கினேன்,
இரண்டு வௌவால் மாதிரி.
விட்டுவிட்டு நாலாவதுக்குப் போனோம்.
அது நல்ல பிள்ளை.

அப்போது போன். பக்கிரிசாமி.
எங்களுக்குக் கீழே பதினாறு கிலோமீட்டர், கடைமடை.
நேரடி விதைப்பு செய்து பத்தொன்பது நாள்.
"தண்ணி..." என்று நிறுத்தினார்.

தமிழில் அங்கே நிறுத்தலாம்.
வருது, வரும், வரல, வராது
எல்லாம் அதற்குப் பிறகுதான்.
வாக்கியத்துக்கும் ஒரு கடைமடை உண்டு.
அதுவரை எதுவும் போய்ச் சேர்வதில்லை.

"மூணு தூக்கியாச்சு. ஒண்ணு தூக்கல."
"எது?"
"மூணாவது."
"மூணாவதா" என்றார்,
ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரர் பேரைச் சொல்வது போல.

ஏ.இ. மறுபடி: ஷட்டர்ஸ் அப்?
போன முறை இல்லாத கேள்விக்குறி.
நான் தட்டினேன்:
த்ரீ ஷட்டர்ஸ் அப். ஒன் ஷட்டர் டவுன்.
ஒற்றை என்றதும்
ஸ் தானாக இறங்கிக்கொண்டது.
டவுன் மட்டும் போய்
அதன் பின்னால் நின்றது, துணைக்கு.
ஓகே, மார்னிங் ஃபிட்டர், என்று பதில்.
அதிலும் யாரும் வரவில்லை, எதுவும் நடக்கவில்லை.

ஃபிட்டர் வரும் நேரம் வைரக்கண்ணுவுக்குத் தெரியும்.
விடியுமுன் கைலியை மடித்துக் கட்டி
கருக்கரிவாளோடு இறங்கிவிட்டான்.
ஆகாயத்தாமரை வேர், ஒரு சிமெண்ட் சாக்கு,
காடியில் குறுக்காகச் செருகியிருந்த மூங்கில் துண்டு
ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன.
நெஞ்சளவு நீரில் நின்று
என்னைப் பார்த்துக் கையை உயர்த்திக் கத்தினான்:
"அப்பு! அப்பு!"

அவன் வாயில் அப் நிற்காது,
ஒரு உகரம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
ஆனைக்காவில் சாமிக்கே அந்தப் பெயர்,
அப்பு என்றால் நீர்.
அவனுக்கு அது தெரியுமோ என்னவோ.
ஷட்டரும் சொல்லவில்லை, ஸும் இல்லை,
பின்னால் வர வேண்டிய சொல்
முன்னால் யாருமில்லாமல் வந்தது.

சுற்றினேன்.
இரண்டு விரல் எழும்பியது.
பதிவேட்டில் அப் என்று ஒரு கட்டம்,
டவுன் என்று ஒரு கட்டம்.
இரண்டு விரலுக்குக் கட்டம் இல்லை.

பக்கிரிசாமிக்கு போன் போட்டேன்.
"தண்ணி..." என்றேன்.
அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.