பெயர் மாற்றம்

ராத்திரி இரண்டே முக்காலுக்கு
இரும்பு முகமூடிக்காரன் மண்டியிட்டான்.
நான் கத்தவில்லை.
ஒரே அறை. அம்மா தூங்குகிறாள்.
தலையணையைக் கடித்துக்கொண்டேன்,
அதில் இறால் வாசம்.

இருநூற்றுப் பதினொரு தடவை
அவன் என்னைக் கொன்றிருக்கிறான்.
கணக்கு கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில்,
ஐந்தைந்தாய்க் கோடு கிழித்து,
ஷெட்டில் கூடைக்குக் கோடு போடுகிற மாதிரியே.
நாற்பதாவது சாவில்தான் தெரிந்தது,
வாளை ஓங்குமுன் அவன் இடது தோள் லேசாக இறங்கும்.
நூற்றிருபதில்,
இரண்டாம் வெட்டுக்கும் மூன்றாம் வெட்டுக்கும் நடுவே
ஒரு மூச்சு இடைவெளி.
நூற்றெழுபதில் கரண்ட் போனது.
அதையும் சாவில்தான் சேர்த்தேன்,
ஏமாற்றக் கூடாதில்லையா.

காசிமேட்டில் இறால் உரிக்கிற கை எனக்கு.
ஐஸ் தண்ணீரில் மரத்துப்போய்
ராத்திரி எது பட்டன் எது விரல் என்று தெரியாது.
டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துச்
சூடேற்றிக்கொண்டுதான் உட்காருவேன்.
பர்மா பஜாரில் லோகு வாங்கிய பழைய பெட்டி.
கண்ட்ரோலரின் இடது குச்சி
தானாகக் கடல் பக்கம் இழுக்கும்.
காற்றுக்கு எதிரே சுக்கான் பிடிக்கிற மாதிரி
கட்டைவிரலை அழுத்தியே வைத்திருக்க வேண்டும்.

லோகு தமாமுக்குப் போனபோது
இந்த முகமூடிக்காரனோடு முட்டிக்கொண்டு
அப்படியே விட்டுவிட்டுப் போனான்.
"இவன் சாவமாட்டாங்க்கா, கேமே தப்பு."
கேம் தப்பில்லை.

கோப்பை வந்தது.
திரையின் மூலையில் சின்னதாய், ஒரு மணிச் சத்தத்தோடு.
ஆடியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட வாங்காதது.
அதன் கீழே பெயர்:
லோகு ராயபுரம் 13.

அவன் பெட்டி, அவன் ஐடி.
கால்மணி நேரத்தில் போன் அடித்தது.
அவன் ரூமில் எல்லாரும் கை தட்டினார்களாம்,
கேரளாக்காரன் பரோட்டா வாங்கித் தந்தானாம்.
"நீ ஆடுனியா? சும்மா சொல்லாத."
கொஞ்சம் கழித்து,
"சரி வுடு, யார் பேர்ல இருந்தா இன்னா,
நம்ம ஊட்டுக்குத்தான வந்துச்சு."

கரண்ட் பில் இன்னும் செத்துப்போன அப்பா பேரில்.
கேஸ் அம்மா பேரில்.
ஷெட் நோட்டில் என் கூடைகள்
'செவ்வந்தி மவ' என்று ஏறுகின்றன.
யார் பேர்ல இருந்தா இன்னா என்றுதான்
இதுவரைக்கும் நானும் இருந்தேன்.

மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்த மேகலாவிடம் சொன்னேன்.
"துட்டு வருமா?"
"வராது."
"அப்ப இன்னாத்துக்குடி இளிக்கிற?"
அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது,
காலையிலிருந்து இளித்துக்கொண்டிருக்கிறேன்.

ராத்திரி புது ஐடி திறந்தேன். பெயர் கேட்டது.
தேசராணி.
வேறு யாராவது வைத்திருப்பார்கள்,
பின்னால் நம்பர் போடச் சொல்லும் என்று பார்த்தேன்.
சொல்லவில்லை.
உலகத்தில் ஒருத்தரும் எடுத்திருக்கவில்லை.

கையில் துருப்பிடித்த கத்தி, மேலே கந்தல்,
முதல் ஊரின் முதல் நாயிடமே கடி வாங்கி
மறுபடி அடியிலிருந்து.
தண்ணி லாரி வருகிற ராத்திரிகளில்
குடத்தை வரிசையில் போட்டுவிட்டு ஓடிவந்து ஆடினேன்.
நாலாவது வாரம் இரும்புக் கதவு திறந்தது.
என்னைப் பார்த்ததே இல்லை என்பது போல நின்றான்.
எனக்கா தெரியாது.
தோள் இறங்கியது.

இந்தத் தடவை கோடு ஒன்பதுதான்.
அந்த ஒன்பதாவதும் என் தப்பில்லை.
அம்மா முழித்துக்கொண்டு
"யாருடி அந்தத் தடியன், ஒன்ன ஏன் அடிக்கிறான்" என்றாள்.
திரும்பினேன், செத்தேன்.
"பாத்துக்கினே இரு" என்றேன்.
பாயில் எழுந்து உட்கார்ந்து கொண்டை போட்டுக்கொண்டாள்.

அவன் மண்டியிட்டபோது
எதிர்வீட்டில் லைட் எரிகிற அளவுக்குக்
கத்தினேன்.